தீவுப் பள்ளியும் விண்வெளிப் பாடமும்

அந்தமான் தீவுகளில் கதிரவன் முந்தி எழுகிறான். சென்னையில் மக்கள் கண்விழிக்காத வேளையிலேயே, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் பொழுது புலர்ந்துவிடுகிறது. மாலையிலும் அவ்வாறே, குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆனால் கடிகாரம் மட்டும் இரு நகரங்களிலும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. நம் நாட்டின் பொது நேரம் எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. போர்ட் பிளேயரோ அதற்குக் கிழக்கே பத்தே கால் பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். ஆகவே அங்கு உச்சிப்பொழுது வருவது பன்னிரண்டு மணிக்கன்று. ஏறத்தாழ பதினொன்று மணி பத்தொன்பது நிமிடத்துக்கே வந்துவிடுகிறது. மாதத்துக்கு மாதம் இது சில நிமிடங்கள் முன்பின்னாக மாறும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும் என்று பாடநூலில் படிக்கிறது தீவுக் குழந்தை. பள்ளி முற்றத்தில் அது காண்பதோ வேறு. நூல் சொல்வது சரியா, கண் காண்பது சரியா என்று அக்குழந்தை எழுந்து கேட்குமானால், கேள்வியை மகிழ்ந்து வரவேற்று விடை காட்டக்கூடிய ஆசிரியர் அவ்வகுப்பில் இருக்க வேண்டும். நேயர்களே, விண்வெளிக் கல்விக்கென ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளைப் பற்றிப் பேச முற்படும்போது, நான் முதலில் இக்குழந்தையை நினைத்துக்கொள்கிறேன்.

இத்தகைய பயிற்சிகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது, அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள விண்வெளி, ராக்கெட் மையத்தில் நடப்பது. சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ராக்கெட்டை உருவாக்கிய நகரம் அது. அந்த ராக்கெட்டைச் சமைத்த குழுவின் தலைவராகிய வான் பிரௌன், பிள்ளைகளுக்கும் ஒரு விண்வெளி முகாம் வேண்டும் என்று விரும்பினார். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1982-இல் அம்முகாம் தொடங்கிற்று. பின்னர் ஆசிரியர்களுக்கும் அங்கே தனிப் பயிற்சிகள் ஏற்பட்டன. ஹனிவெல் என்னும் நிறுவனத்தின் ஆதரவில் 2004-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற பயிற்சிக்கு, நடுநிலை வகுப்புகளில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்றனர். இந்திய ஆசிரியரும் அவர்களுள் உண்டு.

அங்குச் செல்லும் ஆசிரியரின் அனுபவம் எத்தகையது? முதலில் அவர் மாணவராகிறார். கரும்பலகைக்கு முன் நின்று பழகியவர், இப்போது பெஞ்சில் அமர்கிறார். விற்சுருள்களால் தொங்கவிடப்பட்ட ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்து நடக்கச் சொல்கிறார்கள். சந்திரனில் ஈர்ப்பு விசை பூமியினதில் ஆறில் ஒரு பங்கே. அறுபது கிலோ எடையுள்ளவர் அங்குப் பத்து கிலோ எடையுள்ளவர்போல் உணர்வார். இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருப்பார் அவர். நாற்காலியில் ஏறி ஓரடி எடுத்து வைத்ததும், கால் தரையில் பாவாமல் உடல் மேலே எழும்புகிறது. ஓட முயன்றால் வழுக்குகிறது. துள்ளித் துள்ளிச் செல்வதே எளிது என்பதை உடலே கண்டுபிடித்துக்கொள்கிறது. சந்திரனில் இறங்கியவர்கள் ஏன் முயலைப்போல் தாவிச் சென்றார்கள் என்பதற்கு இனி அவர் நூலைப் புரட்ட வேண்டியதில்லை.

பிறகு ஒரு முட்டை வருகிறது. விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்று மண்டலத்தில் விரைந்து புகுவதால் பெரும் வெப்பம் உண்டாகிறது. அதைத் தாங்கக் கவசம் வேண்டும். ஆசிரியர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, கொடுக்கப்பட்ட எளிய பொருள்களைக் கொண்டு ஒரு கவசம் செய்து, அதன் பின்னே முட்டையை வைத்துத் தீச்சுடருக்கு முன் நிறுத்துகிறார்கள். முட்டை வேகாமல் தப்புமா என்பதே தேர்வு. சில குழுக்களின் முட்டை வெந்துவிடும். அப்போது யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. எந்த அடுக்கு முதலில் எரிந்தது, ஏன் எரிந்தது என்று கேட்கிறார்கள். இந்தச் சோதனையே அப்பயிற்சியின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வகுப்பறைகளில் சோதனை என்றால், முன்பே தெரிந்த விடையை மறுபடியும் வரவழைத்துக் காட்டுவது என்றாகிவிட்டது.

பயிற்சியின் உச்சம், பாவனை விண்பயணம். சிலர் விண்கலத்தில் அமர்வார்கள். சிலர் தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார்கள். கையில் நீண்டதொரு வழிமுறைப் பட்டியல் இருக்கும். நடுவில் பயிற்சியாளர் வேண்டுமென்றே ஏதேனும் கோளாற்றைப் புகுத்துவார். பிராணவாயு குறைகிறது என்று ஒரு விளக்கு எரியும். ஒருவர் பட்டியலில் தேடுவார், ஒருவர் கத்துவார், ஒருவர் வாயடைத்துப் போவார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்குகிறவர், ஒரு விளக்குக்கு முன் திகைத்து நிற்பார். கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து நிற்கும் மாணவனின் நிலை அவருக்குப் புரிய இதைவிட நல்ல வழி வேறில்லை.

விண்வெளிக்கும் ஆசிரியருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும்போது ஒரு துயர நிகழ்ச்சியையும் சொல்லாமல் இருக்க இயலாது. ஆசிரியர் ஒருவரையே விண்வெளிக்கு அனுப்புவது என்று அமெரிக்கா 1984-இல் முடிவு செய்தபோது, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் செய்தனர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் ஆசிரியை தேர்ந்தெடுக்கப்பட்டார். விண்வெளியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்த அவர் பாடங்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது வினாடியில் சிதைந்தது; அதில் இருந்த எழுவரும் மாண்டனர். பல பள்ளிகளில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த பார்பரா மார்கன் என்னும் ஆசிரியை இருபத்தொரு ஆண்டுகள் காத்திருந்து, 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விண்வெளிக்குச் சென்றார். மெக்காலிஃப் நடத்தாமல் விட்ட பாடங்களுள் சிலவற்றை, முன்னர் ஆசிரியர்களாக இருந்த விண்வெளி வீரர் இருவர் 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து நடத்திப் படம் பிடித்து அனுப்பினர். ஆயத்தம் செய்த பாடம் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வகுப்புக்கு வந்தது.

நம் நாட்டிலும் இம்முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. தும்பாவில் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட்டை ஏவச் செய்த விக்ரம் சாராபாய், மூன்றே ஆண்டுகளில் அகமதாபாத்தில் மாணவருக்கும் ஆசிரியருக்குமென ஒரு சமூக விஞ்ஞான மையத்தைத் தொடங்கினார். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய திட்டத்தைப் பலர் அறிவர். அதன் ஒரு பகுதியாக ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே. ஆசிரியரை விண்வெளி மையத்துக்கு அழைக்காமல், விண்வெளியிலிருந்து பயிற்சியை அவருடைய ஊருக்கே அனுப்பிய திட்டம் அது. அந்த ஆறு மாநிலங்களுள் இத்தீவுகள் இடம்பெறவில்லை. கல்விக்கென்றே அமைந்த எடுசாட் என்னும் செயற்கைக்கோள் 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்டு, 2010 வரை பணி செய்தது. 2019-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தொடங்கிய இளம் விஞ்ஞானி பயிற்சியில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிக்கும் மூன்று மாணவர் என்று இடம் ஒதுக்கினர். உத்தரப் பிரதேசத்துக்கும் மூன்று, அந்தமானுக்கும் மூன்று. சிறிய இடத்துக்கு இப்படியொரு நியாயம் அரிதாகவே கிடைக்கிறது.

இனி, பயிற்சி முடித்துத் தீவுக்குத் திரும்பும் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். விற்சுருள் நாற்காலியை அவர் கொண்டு வர இயலாது. 363 அடி நீளமுள்ள சாட்டர்ன் ராக்கெட்டின் நிழலில் நின்ற நினைவு அவருக்கு மட்டுமே சொந்தம். நிழற்படங்களைக் காட்டினால் பிள்ளைகள் வியப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர் என்று பாராட்டு விழா நடத்தி, மாலை சூட்டி, அத்தோடு அப்பயிற்சி முடிந்துபோவதும் உண்டு. அவ்வாறு முடியாமல் இருக்க வேண்டுமானால், தீவிலேயே உள்ள விண்வெளியை அவர் கண்டெடுக்க வேண்டும். அது அங்கே நிறைய இருக்கிறது.

தென் அந்தமானில் இந்திய விண்வெளி நிறுவனத்தின் தரைநிலையம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி எழும் ராக்கெட்டு வங்கக் கடலின்மேல் பறக்கும்போது, அதன் குரலைக் கேட்பது அந்நிலையத்தின் வேலை. ஸ்ரீஹரிகோட்டாவிலேயே கருவிகள் இருக்க, இங்கே எதற்கு ஒன்று என்று கேட்கலாம். ஜெட்டியில் நின்று கப்பலை வழியனுப்பிய தீவுப் பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. கப்பல் விலகிச் செல்லச் செல்ல முதலில் அதன் அடிப்பாகம் மறைகிறது. கடைசியில் கொடிமரமும் மறைகிறது. கடல் வளைந்திருப்பதே காரணம். ராக்கெட்டுக்கும் அதே கதிதான். 150 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ராக்கெட்டு ஏறத்தாழ 1,380 கிலோமீட்டர் தொலைவு சென்றதும், புறப்பட்ட இடத்தின் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். வானொலி அலைகள் நேர்கோட்டில் செல்பவை; பூமியைத் துளைத்துக்கொண்டு அவை வரமாட்டா. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் போர்ட் பிளேயருக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். அங்கே குரல் தேயும்போது இங்கே குரல் கேட்கத் தொடங்கும்படி இயற்கையே இத்தீவை நிறுத்தி வைத்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் பிற்பகலில் சந்திரயான்-3 கிழக்கே எழுந்து, ஏறத்தாழப் பதினாறு நிமிடத்தில் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது. தங்கள் கடலின் மேல் நடந்த பயணம் அது என்பதை அறிந்தால், தீவுப் பிள்ளைகள் அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

விண்வெளி இவர்களுடைய அன்றாட வாழ்விலும் கலந்திருக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள்தான் திறந்து வைக்கப்பட்டது. அதுவரை தாய்நிலத்தோடு தீவினர் தொலைபேசியில் பேசியதெல்லாம் செயற்கைக்கோள் வழியாகவே. பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கிய அப்பேச்சில் ஒரு சிறு தாமதம் இருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூரலாம். ஒலி ஏன் தாமதித்தது என்பது ஒரு முழுப் பாடம். எங்கே மீன் கூட்டம் சேரக்கூடும் என்று கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் வழியே கண்டு மீனவர்க்கு அறிவிக்கும் முறையும் இத்தீவுகளுக்கு உண்டு. வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தந்தையே அதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

எளிதில் பேச முடியாத ஒன்றும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நிக்கோபார்த் தீவுகள் தாழ்ந்தன. இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கிற்று. வட அந்தமானின் சில கரைகளில் பவளப் பாறைகள் நீருக்கு மேல் எழுந்தன. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை ஊர்களைத் துடைத்துச் சென்றது. முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தீவுகளின் உருவமே மாறியிருப்பது தெரியும். கரை எங்கே இருந்தது, தென்னந்தோப்பு எங்கே இருந்தது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். பாட்டன் பாட்டியரை அந்நாளில் இழந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படத்தை எவ்வாறு காட்டுவது என்பதை எந்தப் பயிற்சியும் கற்றுத்தர முடியாது. அது ஆசிரியரின் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் காட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையத்துக்குக் கடலின் நடுவே மிதக்கும் மிதவைகள் செய்தி அனுப்புவது செயற்கைக்கோள் வழியாகத்தான் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இராமேசுவரமும் ஒரு தீவுதான். அங்கே சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை எவ்வாறு பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று கண்டதும், வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் எழும்புவதையும் இறங்குவதையும் காட்டினார். அவ்வகுப்பில் இருந்த சிறுவர் அப்துல் கலாம் பின்னாளில் அதைப் பலமுறை நினைவுகூர்ந்தார். அவ்வாசிரியருக்கு விண்வெளிப் பயிற்சி எதுவும் கிடைத்திருக்கவில்லை. அந்தமானில் கடற்கரை எந்தப் பள்ளிக்கும் வெகு தொலைவில் இல்லை.

நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவை அங்குள்ள தமிழர் பலர் அறிவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் அங்கேதான் என்று கூறப்பட்டு, உலகின் கவனம் சில நாள் அத்தீவின்மேல் விழுந்தது. கிரீன்விச்சில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும் நொடியில் நமது நேரம் காலை ஐந்தரை. அந்நொடியில் கச்சாலில் சூரியன் எழுகிறான். கணக்கு அவ்வளவே. கிழக்கே பசிபிக் தீவினர், நாங்கள் பல மணி நேரம் முன்பே சூரியனைக் கண்டுவிட்டோமே என்று வாதிட்டால் அதுவும் தவறன்று. எந்தக் கடிகாரத்தைக் கொண்டு புத்தாண்டை எண்ணுவது என்பதே வினா. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட அருகில் ஒரு வானியல் பாடம் கிடைப்பது அரிது.

இவை எல்லாவற்றினும் எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் நிழலைக் கொண்டு பூமியை அளந்தார். எகிப்தின் தெற்கே சையீன் நகரில் ஆண்டின் ஒரு நாள் உச்சிவேளையில் சூரியன் கிணற்றின் அடியில் தெரிந்தது. அதாவது நிழலே இல்லை. அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அதன் சாய்வு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஏழு பாகைக்குச் சற்று மேல். இரு நகரங்களுக்கும் உள்ள தொலைவை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. நம் தீவுக் கூட்டத்தைப் படத்தில் பாருங்கள். வடக்கே டிக்லிப்பூர், தெற்கே பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே. ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வடக்குத் தெற்காக அமைந்தவை. அவற்றின் அட்சரேகை வேறுபாடு ஏறத்தாழ ஆறேகால் பாகை. எரட்டோஸ்தனிசுக்கு எகிப்து கொடுத்த வசதியை, கடல் நமக்குக் கொடுத்திருக்கிறது.

பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், ஒரு மீட்டர்க் கம்பைத் தூக்குநூல் கொண்டு நேராக நட்டால், உச்சிவேளையில் டிக்லிப்பூரில் இருபத்துமூன்றரை சென்டிமீட்டர் அளவில் நிழல் விழும். கேம்பல் பேயில் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சமே விழும். தாளில் முக்கோணம் வரைந்து கோணமானியால் கோணத்தை அளக்கலாம். இரு கோணங்களின் வேறுபாட்டையும், நாட்டுப்படத்தில் வடக்குத் தெற்காக அளந்த ஏறத்தாழ 690 கிலோமீட்டர்த் தொலைவையும் கொண்டு கணக்கிட்டால், விடை நாற்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். வேண்டிய பொருள்கள் ஒரு கம்பு, ஒரு நூல், ஒரு கல், ஒரு அளவுகோல். இரண்டு ஊரிலும் மனமுள்ள ஓர் ஆசிரியர் வேண்டும். ஒருவர் அளவை மற்றவருக்குச் சொல்லத் தொலைபேசி வேண்டும். நிழலே விழாத நாள் இங்கும் உண்டு. போர்ட் பிளேயரில் அது ஏப்ரல் 20, 21 அளவிலும், ஆகஸ்டு 22, 23 அளவிலும் வரும். சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியதைக் கொண்டாடும் தேசிய விண்வெளி நாளும் ஆகஸ்டு 23-தான். தற்செயல் என்றாலும் அழகிய தற்செயல்.

சோதனைக்கு நாள் குறிக்கும்போது ஒன்றைக் கருத வேண்டும். சமநாள் ஆண்டில் இரு முறை வருகிறது. செப்டம்பர் மாதத்தில் தீவுகளின்மேல் பருவமழை மேகம் கவிந்திருக்கும்; கம்பு நட்டுக் காத்திருந்து ஏமாறுவதே மிகும். மார்ச்சு 20, 21 நாள்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அது தேர்வுக் காலம் என்று தலைமையாசிரியர் தயங்கக்கூடும். காலை பதினொரு மணிக்குக் கம்பை நட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வந்தால், பதினொன்று இருபதுக்கும் பதினொன்று முப்பதுக்கும் இடையே மிகக் குறுகிய நிழல் கிடைத்துவிடும். முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகள் தேர்வுப் படிப்புக்குத் திரும்பிவிடலாம்.